நூறு கிராம் கிரீமில் ஒரு கிராம் டிடர்ஜென்ட்: ஒரு பிரிட்டிஷ் மருந்துக் கிரீமின் கதை

கிரீம், லோஷன், சன்ஸ்கிரீன் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருபது முப்பது பெயர்கள் இருக்கும். அதில் இரண்டு மூன்று எமல்சிஃபையராக இருப்பது நிச்சயம். பள்ளிப் புத்தகத்தில் இதைப் 'பால்மமாக்கி' என்று படித்திருப்போம். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்து வைக்கும் பொருள். அது இல்லாவிட்டால் கிரீமே கிடையாது. டப்பாவுக்குள் மேலே எண்ணெயும் கீழே தண்ணீரும்தான் இருக்கும்.

"இந்த எமல்சிஃபையர் எல்லாம் தோலுக்குப் பாதுகாப்பானதா?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு பக்கம் 'எல்லாமே விஷம்' என்கிறார்கள். இன்னொரு பக்கம் 'எல்லாம் சோதித்துத்தானே விற்கிறார்கள்' என்கிறார்கள். இரண்டு பதிலும் எனக்கு ஒட்டவில்லை. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வந்ததில், இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒரு பழைய பிரிட்டிஷ் கிரீமின் வரலாற்றில் இருக்கிறது என்று தோன்றியது. அதன் பெயர் அக்வஸ் கிரீம் பி.பி. பி.பி. என்றால் பிரிட்டிஷ் பார்மகோபியா, அதாவது அந்த நாட்டின் அதிகாரபூர்வ மருந்து நூல்.

பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளின் எக்ஸிமாவுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த கிரீம் இது. நம்ம ஊரில் கரப்பான் என்று சொல்லும் தோல் நோய்தான் எக்ஸிமா. இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தைக்குத் தாய் தகப்பன் நம்பித் தடவியது. அந்தக் கிரீமே தோலைக் கெடுக்கக்கூடியது என்று அரசாங்கம் எச்சரித்தது 2013-ல். அதற்குத் தேவையான அடிப்படை அறிவு அறுபதுகளிலேயே ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நடுவில் ஏன் இத்தனை வருடம்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்கும் ஆசை பழையது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவம் பார்த்த காலன் என்ற கிரேக்க வைத்தியர் பெயரில் ஒரு செய்முறை வழங்கிவருகிறது. தேன்மெழுகை உருக்கி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, பன்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடிக்க வேண்டும். இதில் உருப்படியான எமல்சிஃபையர் எதுவும் இல்லை. அதனால் தோலில் தடவியதும் கலவை உடைந்து, தண்ணீர் ஆவியாகும். தோல் குளிரும். 'கோல்டு கிரீம்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் சீக்கிரம் பிரிந்துவிடும், வைத்திருக்க முடியாது.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டில் வெவ்வேறு வழிகள் கண்டுபிடித்தார்கள். முதலாவது, தேன்மெழுகோடு போராக்ஸ் சேர்ப்பது. மெழுகில் இருக்கும் அமிலங்களோடு போராக்ஸ் சேர்ந்து அங்கேயே கொஞ்சம் சோப்பு உண்டாகும். அந்தச் சோப்புதான் எமல்சிஃபையர். இரண்டாவது, ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் மெழுகு. இதைச் சுத்தப்படுத்தி லானோலின் என்று பெயர் வைத்து 1882-ல் காப்புரிமை வாங்கினார்கள் ஜெர்மனியில் ஆஸ்கர் லீப்ரைஷும் ஓட்டோ பிரவுனும். பின்னால் ஐசக் லிப்ஷுட்ஸ் என்ற வேதியியலாளர் அதே ரோம மெழுகிலிருந்து யூசெரிட் என்ற எமல்சிஃபையரைப் பிரித்தெடுத்தார். அதை வைத்துத்தான் 1911 டிசம்பரில் நிவியா கிரீம் வந்தது.

மூன்றாவது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த 'ஸ்நோ'. பரோஸ் வெல்கம் கம்பெனியின் ஹேசலின் ஸ்நோ 1892-ல் வந்தது. ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்கி, அந்தச் சோப்பைக் கொண்டு மீதியைத் தண்ணீரில் நிறுத்துவது இந்த வகைக் கிரீமின் சூட்சுமம். தடவினால் பிசுபிசுப்பு இல்லாமல் மறைந்துபோகும்.

ஆக, அன்றைய கிரீம்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஒளிந்திருந்தது ஏதோ ஒரு வகைச் சோப்பு. சோப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. உப்புத்தண்ணீரில், கடின நீரில் திரிந்துவிடும். அமிலம் பட்டால் உடைந்துவிடும். மருந்துக் கடைக்காரருக்கு இது பெரிய தலைவலி. அமிலத்தன்மை உள்ள மருந்து எதையும் அந்தக் கிரீமில் கலக்க முடியாது.

தேங்காயிலிருந்து வந்த சல்பேட்

1930-களில் இதற்குத் தீர்வு துணி வெளுக்கும் தொழிலிலிருந்து வந்தது. கொழுப்பு ஆல்கஹாலோடு சல்பேட்டைச் சேர்த்தால், கடின நீரிலும் அமிலத்திலும் அவ்வளவு எளிதில் திரியாத ஒரு சலவைப் பொருள் கிடைத்தது. ஜெர்மனியில் பியூவா 1932-லும், அமெரிக்காவில் பிராக்டர் அண்ட் கேம்பிளின் டிரெஃப்ட் 1933-லும் சந்தைக்கு வந்தன. இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற பிள்ளைதான் சோடியம் லாரில் சல்பேட். இனிமேல் எஸ்.எல்.எஸ். என்றே எழுதுகிறேன்.

'லாரில்' என்ற பெயரைக் கேட்டு ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். அதிலிருந்து ஆல்கஹால், அதிலிருந்து எஸ்.எல்.எஸ். சில டப்பாக்களில் 'தேங்காயிலிருந்து பெறப்பட்டது' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் அதை வைத்துத் தோலுக்கு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியாது.

ஒரு எஸ்.எல்.எஸ். மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரோடு சேரும், 12 கார்பன் கொண்ட வால் எண்ணெயோடு சேரும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும்போதும் இதே வேலைதான், கிரீமைப் பிரியாமல் வைக்கும்போதும் இதே வேலைதான். சிகைக்காயில் இருக்கும் சபோனினும் இந்த மாதிரி தலையும் வாலும் உள்ளதுதான். அதனால்தான் எண்ணெய்க் குளியலுக்குச் சிகைக்காய். சலவைப் பொருளும் எமல்சிஃபையரும் அடிப்படையில் ஒரே சாதி. இதை நினைவில் வையுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மருந்து செய்பவர்கள் எஸ்.எல்.எஸ்.-ஐச் செட்டோஸ்டியரில் ஆல்கஹால் என்ற மெழுகோடு சேர்த்தார்கள். மருந்து நூலின் அளவு: மெழுகு 90 பங்கு, எஸ்.எல்.எஸ். 10 பங்கு, சிறிது தண்ணீர். இதற்கு எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று பெயர். இதை உருக்கித் தண்ணீரில் அடித்தால் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பான கிரீம் வந்துவிடும். விலை மலிவு. எந்தக் கடைக்காரரும் செய்யலாம். தொந்தரவில்லாமல் பல மாதம் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அக்வஸ் கிரீமின் செய்முறை பொதுவெளியில் இருப்பது. நானும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

100 கிராம் அக்வஸ் கிரீமில் 30 கிராம் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட், 1 கிராம் ஃபீனாக்ஸி எத்தனால், மீதி தண்ணீர்.

அந்த ஆயின்ட்மென்டில் 50 சதவீதம் வெள்ளை பாரஃபின் (வாசலின் மாதிரி), 20 சதவீதம் திரவ பாரஃபின், 30 சதவீதம் எமல்சிஃபையிங் வாக்ஸ். அப்படியானால் 100 கிராம் கிரீமில் வாக்ஸ் 9 கிராம்.

அந்த வாக்ஸில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எஸ்.எல்.எஸ். ஆக 0.9 கிராம். தோராயமாக 1 சதவீதம்.

பிரிட்டனில் சாதாரணமாகக் கிடைத்த 500 கிராம் டப்பாவில் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் டிடர்ஜென்ட் பவுடர் என்று வைத்துக்கொள்ளலாம். 'ஒரு சதவீதம்தானே' என்று தோன்றும். ஷாம்பூவில் இதைவிடப் பல மடங்கு சலவைப் பொருள் இருக்கும். உண்மைதான். ஆனால் ஷாம்பூ இரண்டு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். கிரீம் அடுத்த முறை தடவும் வரை தோலிலேயே இருக்கும். எக்ஸிமா குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பல முறை, உடம்பு முழுக்க, வருடக் கணக்கில் தடவுவார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்வஸ் கிரீமுக்கு இரண்டு உபயோகம் இருந்தது. ஒன்று, சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடுவது. இன்னொன்று, ஈரப்பதத்துக்காகத் தடவி அப்படியே விட்டுவிடுவது. டப்பா ஒன்றே, கிரீம் ஒன்றே. முதல் உபயோகம் சோப்பைவிட மென்மையானது என்ற நல்ல பெயர், இரண்டாவது உபயோகத்துக்கும் சேர்ந்தே ஓடிவிட்டது.

தோல் என்ற சுவர்

நம் தோலின் ஆக மேலே இருக்கும் அடுக்கு மிக மெல்லியது. முன்கை மாதிரி இடங்களில் 10 முதல் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அதை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். கெரட்டின் நிரம்பிய செத்த செல்கள் செங்கல். நடுவில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்புப் பூச்சுதான் சாந்து. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமியும் தூசும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

எஸ்.எல்.எஸ். இந்தச் சுவரில் என்ன செய்யும்? அதன் வால் கெரட்டினில் போய் ஒட்டும். புரதம் உருக்குலையும், செங்கல் ஊதும். சாந்தின் ஒழுங்கு கலையும். சுவர் இளகியதும் நீர் வெளியேறும் வேகம் கூடும், எரியும், சிவக்கும். விஷம் என்று சொல்லும் அளவுக்கு இதில் மர்மம் எதுவும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுழைவது அதன் பிறவிக்குணம். டப்பாவுக்குள் செய்த அதே வேலையைத் தோலிலும் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருந்த உண்மை

படிக்கும்போது என்னை நிறுத்தி வைத்த இடம் இது.

தோல் மருத்துவ ஆய்வில் அடிக்கடி ஒரு தேவை வரும். எரிச்சலடைந்த தோல் எப்படி நடந்துகொள்கிறது, எந்த மருந்து அதை ஆற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் நல்ல தோலில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்க வேண்டும். எதை வைத்து? எஸ்.எல்.எஸ்.-ஐ வைத்துத்தான். 1967-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மேனும் வில்லியம் உட்டிங்கும் எரிச்சலூட்டும் பொருள்களை அளப்பதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். எஸ்.எல்.எஸ். அதில் ஒரு முக்கியமான பொருள். (கிளிக்மேன் பெயரோடு ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது நடந்த சோதனைகளும் சேர்ந்தே வரும். அது தனியாக எழுத வேண்டிய கதை.) அதற்குப் பிறகு எஸ்.எல்.எஸ். உலகம் முழுக்க ஒரு அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது. எப்படிச் செய்ய வேண்டும் என்று 1997-ல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று வழிகாட்டியே எழுதியது.

இப்படிப்பட்ட சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் கரைசலின் அளவு என்ன தெரியுமா? அரை சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை. நாம் மேலே போட்ட கணக்கு: ஒரு சதவீதம்!

ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சோதனையில் கரைசலைத் தோலில் வைத்து மேலே மூடிக் கட்டுவார்கள், அதனால் தாக்கம் அதிகம். கிரீமில் பாரஃபினும் மெழுகும் சேர்ந்திருப்பதால் எஸ்.எல்.எஸ். முழுவதும் அவிழ்ந்து திரியாது. இரண்டும் சமம் கிடையாது. ஆனாலும், ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் தோலைப் புண்ணாக்க எடுக்கும் பொருள், பக்கத்து அறையில் புண்ணான தோலை ஆற்றக் கொடுக்கும் டப்பாவிலும் இருக்கிறது என்றால், யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா?

அமெரிக்காவில் ஒப்பனைப் பொருள்களை ஆராய 1976-ல் அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 1983-ல் எஸ்.எல்.எஸ். பற்றி அறிக்கை கொடுத்தது. தீர்ப்பு தெளிவு: கொஞ்ச நேரம் பட்டு நன்றாக அலசிவிடும் பொருள்களில் இருந்தால் பாதுகாப்பானது, தோலில் வெகுநேரம் தங்கும் பொருள்களில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அக்வஸ் கிரீம் சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அதுவும் நல்ல தோலுக்குப் போட்ட கோடு. சுவர் ஏற்கனவே இடிந்த தோலுக்குத் தனிக் கோடு எதுவும் போடவில்லை.

பயம் போன பாதை வேறு

1998 வாக்கில் இன்டர்நெட்டில் ஒரு மின்னஞ்சல் சுற்ற ஆரம்பித்தது. ஷாம்பூவில் இருக்கும் எஸ்.எல்.எஸ். புற்றுநோய் உண்டாக்கும், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்ற ரகம். உங்களில் சிலர் அதன் வாட்ஸ்அப் வாரிசுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. எஸ்.எல்.எஸ். புற்றுநோய் உண்டாக்கும் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை என்று புற்றுநோய் அமைப்புகள் மறுப்புச் சொன்னார்கள். மறுப்பு சரியானதே.

ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு விநோதம் நடந்தது. பொதுமக்களுக்கு எஸ்.எல்.எஸ். என்றாலே புற்றுநோய் வதந்திதான் ஞாபகத்துக்கு வந்தது. விவரம் தெரிந்தவர்களுக்கு எஸ்.எல்.எஸ். பற்றிப் புகார் என்றாலே அது வதந்தி என்றாகிவிட்டது. அலசிவிடும் ஷாம்பூவைப் பற்றி ஊரே பயந்தது. தடவிவிடும் மருந்துக் கிரீமைப் பற்றி யாரும் பேசவில்லை. பொய்யான பயம் ஒன்று இருந்தால், உண்மையான கேள்வி அதன் நிழலில் மறைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்கள்

கேள்வி ஷெஃபீல்டிலிருந்து வந்தது. தோல் மருத்துவர் மைக்கேல் கார்க்கும் அவர் குழுவினரும் 1 முதல் 16 வயது வரையுள்ள 100 எக்ஸிமா குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். 2003-ல் வெளியானது. தடவிய 20 நிமிடத்துக்குள் எரிச்சல், கடுகடுப்பு, அரிப்பு, சிவப்பு ஏதாவது வந்ததா? அக்வஸ் கிரீம் தடவியதில் 56 சதவீதம் 'வந்தது'. மற்ற ஈரப்பதக் கிரீம்களில் 18 சதவீதம்.

இதைக் கண்டுபிடிக்க ஆடம்பரமான கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தாய்மார்களிடம் கேட்டால் போதும். கிரீம் தடவும்போது குழந்தை அழுகிறது என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்! எக்ஸிமா என்றால் எரியத்தான் செய்யும் என்று நோயின் கணக்கில் எழுதுவது எளிது. கிரீமின் கணக்கில் எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு, இரண்டு கிரீம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ண ஒருவர் வேண்டியிருந்தது.

2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த குழுவினர் இன்னொரு துண்டைச் சேர்த்தார்கள். ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகவும் அதிகம். அந்தப் புரதம் தோல் சுவரைக் கட்ட உதவுவது. அதாவது பல குழந்தைகளுக்குச் சுவரே பிறவியிலேயே பலவீனம். சுவர் பலவீனமாக இருப்பவரிடம்தான் சுவரை இளக்கும் பொருளை அதிகம் தடவிக்கொண்டிருந்தோம் என்று இதற்குப் பொருள்.

2010-ல் பாத் பல்கலைக்கழகத்தில் மாண்டா சாங்கும் ரிச்சர்ட் கையும் நல்ல தோல் உள்ள ஆறு பேரின் முன்கையில் நான்கு வாரம் அக்வஸ் கிரீம் தடவிப் பார்த்தார்கள். ஒட்டுநாடாவால் தோலின் மேலடுக்கைப் படலம் படலமாக எடுத்து அளந்தார்கள். அடுக்கின் தடிமன் 10 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. நீர் வெளியேறும் வேகம் கூடியிருந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் மறு வருடமே கார்க்கின் குழு, முன்பு எக்ஸிமா இருந்து இப்போது தெளிந்திருப்பவர்களிடம் செய்த சோதனையும் அதே திசையைத்தான் காட்டியது.

2013 மார்ச்சில் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. டாக்டர்களுக்கு அறிக்கை அனுப்பியது. அக்வஸ் கிரீம் சிலருக்கு, முக்கியமாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு, எரிச்சல் உண்டாக்கலாம், எஸ்.எல்.எஸ். காரணமாக இருக்கலாம், எரிச்சல் தெரிந்தால் நிறுத்திவிட்டு எஸ்.எல்.எஸ். இல்லாத வேறு கிரீமுக்கு மாற்றுங்கள். தடவி விட்டுவிடும் கிரீமாக அதை எக்ஸிமாவுக்குப் பரிந்துரைக்கும் வழக்கம் அங்கே அதற்குப் பிறகு பெரும்பாலும் நின்றுபோனது.

ஏன் இத்தனை தாமதம்?

1967-லிருந்து கணக்கிட்டால் 46 வருடம். 1983-லிருந்து என்றாலும் 30 வருடம். யாரும் சதி செய்யவில்லை. மறைத்து வைக்கப்பட்ட ஆவணம் எதுவும் இல்லை. செய்முறை எல்லோரும் படிக்கும் மருந்து நூலில் இருந்தது. இதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறது.

என் பார்வையில் காரணம் ஒரு சொல்லில் இருக்கிறது: 'செயலற்ற' பொருள். மருந்துத் துறையில் ஒரு கலவையை இரண்டாகப் பிரிப்பார்கள். வேலை செய்யும் மருந்து ஒன்று. அதைத் தாங்கிப் பிடிக்கும் மற்றதெல்லாம் செயலற்றவை. கேள்வி எல்லாம் முதலாவதிடம்தான். ஸ்டீராய்டு கிரீம் என்றால் ஸ்டீராய்டைப் பற்றித் தாய்மார் பயப்படுவார்கள், டாக்டர் விளக்குவார், பக்கவிளைவு பட்டியல் இருக்கும். அக்வஸ் கிரீமிலோ 'மருந்து' என்று எதுவுமே இல்லை. முழுவதும் தாங்கிப் பிடிப்பதே. ஆகவே கேட்க ஆளில்லை. மருந்து இல்லாததால் பாதுகாப்பானது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் தோலுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. அதன் மேல் படுவதெல்லாம் அதற்கு ஒன்றுதான். எமல்சிஃபையர் என்பது பெயரிலேயே வேலை உள்ள பொருள். இரண்டு ஒவ்வாத பொருள்களின் எல்லையில் புகுந்து அந்த எல்லையை மாற்றுவது அதன் தொழில். அதைச் செயலற்றது என்று எழுதிவைத்தது அட்டவணையின் வசதிக்காக.

இன்னொன்று, மாற்று இல்லாமல் போகவில்லை. எஸ்.எல்.எஸ்.-க்குப் பதிலாகச் செட்டோமேக்ரோகால் என்ற, மின்னேற்றம் இல்லாத எமல்சிஃபையரைப் போட்டுச் செய்யும் கிரீமும் பிரிட்டிஷ் மருந்துச் செய்முறைகளில் பல காலமாகவே உண்டு. இந்த வகை கெரட்டினோடு அவ்வளவாக மல்லுக்கட்டாது.

கூட வந்த சரக்கு

எஸ்.எல்.எஸ். கதையில் சிக்கல் அந்த மூலக்கூறிலேயே இருந்தது. வேறு சில எமல்சிஃபையர்களில் சிக்கல் கூட ஒட்டிக்கொண்டு வந்ததில் இருந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தை ஸ்டியரிக் அமிலத்தோடு சேர்த்துச் சோப்பாக்கிய கிரீமும் லோஷனும் ஒரு காலத்தில் எங்கும் உண்டு. அதில் கலப்படமாகக் கொஞ்சம் டைஎத்தனாலமைன் இருக்கும். நைட்ரைட் வெளியிடும் பிரோனோபால் போன்ற கிருமித் தடுப்பானும் அதே டப்பாவில் இருந்தால், இரண்டும் சேர்ந்து நைட்ரோசமைன் உண்டாகலாம். இவற்றில் பல, விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. 1977-ல் கடையில் விற்ற ஒப்பனைப் பொருள்களிலேயே அது இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 1979-ல் அமெரிக்க அரசு கம்பெனிகளை எச்சரித்தது. ஐரோப்பாவில் இன்று கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது.

இரண்டாவது, எத்திலீன் ஆக்சைடு கொண்டு செய்யும் எமல்சிஃபையர்கள். பெயர் 'எத்-20' என்பது போல முடியும், பாலிசார்பேட்டும் பி.இ.ஜி.யும் இந்தக் கூட்டம். மேலே நான் நல்லவிதமாகச் சொன்ன செட்டோமேக்ரோகாலும் இதே கூட்டம்தான். தயாரிக்கும்போது 1,4-டையாக்சேன் என்ற பொருள் துளி அளவில் பின்தங்கும். வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்தால் போய்விடும்; எடுத்தார்களா என்பதே கேள்வி. நியூயார்க் மாநிலம் இதற்குச் சட்டமே போட்டது. 2022 முடிவிலிருந்து ஒப்பனைப் பொருள்களில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

இந்த இரண்டையும் டப்பாவின் பட்டியலைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. கலப்படத்துக்குப் பட்டியலில் இடமில்லை. இதை அரசாங்கமும் தயாரிப்பாளரும்தான் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் என்னதான் பார்ப்பது?

'எமல்சிஃபையர் பாதுகாப்பானதா?' என்ற கேள்வியை இப்படி மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது என்பது என் முடிவு. நாலாகப் பிரித்துக் கேட்டால் கிடைக்கும்.

எந்த எமல்சிஃபையர்? எவ்வளவு? அலசிவிடுவதா, தடவிவிடுவதா? யாருடைய தோல்?

எஸ்.எல்.எஸ். உள்ள ஷாம்பூவை நல்ல தோல் உள்ள ஒருவர் தேய்த்து அலசினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே எஸ்.எல்.எஸ். தடவிவிடும் கிரீமில் இருந்து, வீட்டில் எக்ஸிமா குழந்தை இருந்தால், கிரீமை மாற்றுவது பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. பட்டியலில் 'சோடியம் லாரில் சல்பேட்' என்று நேராக எழுதியிருக்கலாம். மருந்துக் கிரீமாக இருந்தால் 'எமல்சிஃபையிங் வாக்ஸ்' என்ற பெயருக்குள் அது அடங்கியிருக்கலாம். ஆனால் அதே பட்டியலில் 'சீட்டரில் ஆல்கஹால்' என்று பார்த்துப் பதற வேண்டியதில்லை. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் அது மெழுகு, பெரும்பாலானவர்களுக்குச் சாது.

அதேபோல, பயந்துபோய்க் கிரீமே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தப்பு. எக்ஸிமாவுக்கு ஈரப்பதக் கிரீம்தான் தினசரி அடித்தளம். அக்வஸ் கிரீமின் பாடம் 'தடவாதே' என்பது இல்லை. தடவியதும் எரிகிறது என்று குழந்தை சொன்னால், அது நோயின் குரல் என்று உடனே முடிவு கட்டிவிடாமல், டப்பாவையும் ஒரு முறை சந்தேகிக்கலாம்.

ஷெஃபீல்டில் நடந்தது அடிப்படையில் அவ்வளவுதான். நூறு குழந்தைகள் எரிகிறது என்று சொன்னதை ஒருவர் நம்பி எண்ணினார். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக எத்தனை குழந்தைகள் சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.